ஆற்றுப் பக்கத்துக் கம்பம்

என் மகன் போன பிறகு என் கணவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவரை மறுபடியும் வாய் திறக்கவைத்தது சாமியும் இல்லை, நானும் இல்லை. கொழும்பில் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு பஞ்சாபிக் குஸ்திக்காரன்.

அப்போது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். நான் கொழுந்து எடுத்தேன். அவருக்கும் என் அண்ணனுக்கும் தேயிலை ஆலையில் வேலை; எங்கள் பேச்சில் அதை ஸ்டோர் என்போம். மகனுக்கு இரண்டு வயது முடியவில்லை. காய்ச்சல் வந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு என் தோளில் படுத்துக்கொண்டு போனவன் கம்பளிக்குள் சுருண்டு திரும்பி வந்தான். எங்கள் வழக்கத்தில் பொம்பளைகள் மயானத்துக்குப் போகக் கூடாது. ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக் கோடியில், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று கத்தினேன். அவ்வளவுதான் எனக்குக் கொடுத்துவைத்தது.

குழியை வெட்டியதும் மண்ணைத் தள்ளியதும் இவர்தான். அதோடு சரி. மயானம் இருக்கும் திசைக்கே அவர் போகவில்லை. ஸ்டோருக்கு அந்த வழிதான் கிட்ட. இவர் மலையைச் சுற்றிக்கொண்டு போவார். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்காருவார். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊரே சொல்லும். "நீங்க மட்டுந்தான் பெத்தீங்களா? நான் என்ன கடையில வாங்கினேனா?" என்று கூடக் கத்திப் பார்த்தேன். ஊஹூம்.

நான் அப்படி இல்லை. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு அண்ணனைப் பிடித்து, எந்த இடம் என்று கேட்டேன். அவன் மேல் ரோட்டில் நின்று கையைக் காட்டினான். "அந்த டர்பன்டைன் மரத்துகிட்ட, தலமாட்டுல கல்லு வச்சிருக்கோம் தங்கச்சி." வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கற்பூரத்தை மடியில் முடிந்துகொண்டு இறங்கிப் போனேன். மரத்தடியில் சின்னச் சின்ன மேடுகள். கல் வைத்த மேட்டைக் கண்டுபிடித்துக் கொளுத்திவிட்டு வந்தேன். லயத்துப் பொம்பளைகள் ஏசினார்கள், இது என்ன ஊரில் இல்லாத பழக்கம் என்று. "உங்க வீட்டுக் கற்பூரமா?" என்றேன். வாயை மூடிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் நான் தவறவில்லை.

குஸ்தி விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பில் ஒரு பெரிய போட்டி நடந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து மாதக்கணக்கில் மோதினார்கள். ஸ்டோரில் டீமேக்கர் ஐயா படித்து முடித்த தமிழ்ப் பத்திரிகையை அண்ணன் மடித்து எடுத்து வருவான். அவனுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள். "தங்கச்சி, குஸ்தியைப் படி" என்று எங்கள் வாசலில் வந்து குந்துவான். செத்த வீட்டில் குஸ்தி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் படிப்பேன். அவன் யாருக்காக அதைக் கொண்டுவருகிறான் என்று எனக்குத் தெரியாதா?

ஒருநாள், பஞ்சாபிக்காரனை ஒரு வெள்ளைக்காரத் தடியன் தலைக்கு மேலே தூக்கிக் கயிற்றுக்கு வெளியே வீசினான் என்று போட்டிருந்தது. அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசம் வந்தது, நான் நிறுத்திவிட்டு எழுந்தேன்.

"அப்புறம்?" என்றது ஒரு குரல்.

இவர்தான். சுவரைப் பார்த்தபடியேதான் கேட்டார். நான் அடுப்பை மறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்து, படி படி என்று கையை ஆட்டினான். அப்புறம் பஞ்சாபிக்காரன் எழுந்து உள்ளே வந்து தடியனைப் புரட்டிப் போட்டான் என்று படித்தேன். எழுத்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

அன்றிலிருந்து அவருக்குப் பஞ்சாபிக்காரன் சொந்தக்காரனாகிவிட்டான். அண்ணன் வேண்டுமென்றே வெள்ளைக்காரத் தடியன் பக்கம் சேர்ந்துகொண்டான். அந்தத் தடியனுக்கு இவர்கள் வைத்த பேர் 'பீப்பாய்'. பந்தயம் ஆரம்பமானது. காசு பணம் எங்களிடம் ஏது? பீப்பாய் தோற்றால் அண்ணன் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். பஞ்சாபிக்காரன் தோற்றால் இவர் அண்ணன் வீட்டுக்கு விறகு பிளக்க வேண்டும். ஒருமுறை அண்ணன் தோற்றுப்போய், இடுப்பில் குடத்தை வைத்துப் பொம்பளை மாதிரி ஒயிலாக நடந்து வந்தான் பாருங்கள், லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இவருடைய உதடு லேசாகக் கோணியது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிற இடமே அடைத்துப்போயிருந்தது.

போட்டி முடிந்தது. கடைசிச் சண்டையில் பஞ்சாபிக்காரன் தோற்றுவிட்டான். அதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்துச் செய்கிற நாடகம் என்று ஸ்டோரில் ஒருவர் சொல்லிவிட்டாராம். அண்ணன் அவரோடு வெகுநாள் பேசவில்லை. குஸ்தி இல்லாத வீட்டில் இவர் திரும்பவும் சுவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அண்ணனுக்கும் அதே பயம்தான். அவன் இவரை ரக்கர் பார்க்க இழுத்துக்கொண்டு போனான்.

ரக்கர் என்பது துரைமார் விளையாட்டு. ஒரு முட்டைப் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் அவன் மேல் விழுவார்கள், எல்லாரும் சேற்றில் உருளுவார்கள். டிக்கோயாவில் அதற்கு ஒரு மைதானம். மேலே தேயிலைச் சரிவில் குந்தி நம் ஆட்கள் பார்ப்பார்கள். எங்கள் சின்னத்துரை அதில் பெரிய ஆள். மலையில் எங்களை விரட்டுகிற வேகத்தில்தான் பந்தையும் விரட்டுவாராம். அண்ணனும் இவரும் அதற்கும் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். பழையபடி விறகு, பழையபடி தண்ணீர்.

மகன் போய் இரண்டு வருடம் ஆகிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஜனங்களைப் பற்றி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒப்பந்தம் ஆகியிருந்தது. பீலியடியில் வேறு பேச்சே இல்லை. இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே. எங்களை யாரும் கேட்கவில்லை. கொழுந்து பிரிக்கிற மாதிரி பிரித்திருந்தார்கள். எப்போது அனுப்புவார்கள், யாரை அனுப்புவார்கள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இவர் சொன்னார், "நாமளாவே போயிருவோம் புள்ள. கண்டியில இந்திய ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா பாஸ்போட் குடுக்கறாங்களாம்."

"எங்க போறது?"

"இந்தியாவுக்கு."

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல. அதான் நல்லது."

எனக்கு வந்ததே ஆத்திரம். "எம் புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வரச் சொல்றீங்க? அவன் இங்கதானங்க கெடக்கான்!"

"அதுக்குத்தான் போகணுங்கறேன்" என்றார். "வாசல்ல கால வச்சா ஓடி வர்றான் புள்ள. ஸ்டோருக்குப் போனா பின்னாடியே வர்றான். எனக்கு மூச்சு முட்டுது. இந்த மலையில இனி என்னால இருக்க முடியாது."

அதுவரை அவர் அவ்வளவு பேசியதில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. செத்தாலும் வர மாட்டேன் என்றேன். பிறகு தினமும் இதே சண்டை. அவருக்குப் போயே ஆக வேண்டும், எனக்கு இருந்தே ஆக வேண்டும், இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே மண்மேடு. அண்ணன் என் பக்கம். கூடப் பிறந்தது நான் ஒருத்திதானே அவனுக்கு. அவனும் கெஞ்சிப் பார்த்தான், ஏசிப் பார்த்தான்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்தார்கள் தெரியுமா? பந்தயம் கட்டினார்கள்! நுவரெலியாப் பக்கத்துத் துரைமார் டிக்கோயாவுக்கு விளையாட வருகிறார்களாம். நம்ம துரை ஜெயித்தால் இவர் இந்தியா என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. வந்தவர்கள் ஜெயித்தால் அண்ணன் குறுக்கே நிற்காமல் எங்களைத் தலைமன்னார் வரை கொண்டுபோய்க் கப்பல் ஏற்றிவிட வேண்டும். இரண்டு பேரும் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்கள்.

"ஏன்டா, நான் என்ன விறகுக் கட்டா?" என்று கேட்டேன். புருஷன், அண்ணன் என்று மரியாதை எல்லாம் பார்க்கவில்லை. "எந்தலைய வச்சு வெளையாட உங்களுக்கு எவன் உரிமை குடுத்தான்? எவனோ தொரை சேத்துல உருளுவான், அத வச்சு நான் எம் புள்ளைய விட்டுட்டுப் போகணுமா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். இவர் மட்டும், "பேசிப் பேசி தீரல புள்ள. வேற வழி தெரியல" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு ஏசத் தோன்றவில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை, அதுதான் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வருவேன் என்று கிளம்பினேன். நல்ல மழைக்காலம். சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் டிக்கோயாவுக்கு நடந்தோம். சரிவில் ஏற்கெனவே கூட்டம். ஈரத்தில் உட்கார்ந்தோம். நான் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர்.

எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தான். "அந்தா ஆத்துப் பக்கம் ரெண்டு கம்பம் நிக்குது பாத்தியா? நம்ம தொரை ஆளுங்க பந்தக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வச்சா நமக்கு. ரோட்டுப் பக்கத்துக் கம்பத்துல வச்சா அவனுங்களுக்கு." சரி, ஆற்றுப் பக்கம் நமக்கு. இவ்வளவுதானே, இதற்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று மனதில் போட்டுக்கொண்டேன்.

அதற்கு முந்தின நாள்தான் அந்தச் சின்னத்துரை, முற்றின இலை எடுத்தேன் என்று சொல்லி எனக்கு அரைப்பேர் போட்டிருந்தான். பாதி நாள் சம்பளம் போச்சு. அவன் நாசமாய்ப் போகட்டும் என்று மலை முழுக்கக் கேட்கிற மாதிரி மண்ணை வாரித் தூற்றியிருந்தேன். இப்போது அதே வாயால், "முருகா, அந்தப் பாவிக்குக் கால்ல பலத்தக் குடு" என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். என் நிலைமையைப் பாருங்கள்.

ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். ஆற்றுப் பக்கம் ஒருமுறை வைத்தார்கள், ரோட்டுப் பக்கம் ஒருமுறை வைத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்றான் அண்ணன். பாதியில் ஊதி நிறுத்திவிட்டுத் துரைமார் எலுமிச்சம்பழமோ என்னவோ சப்பினார்கள். நான் அந்த நேரத்தில் மைதானத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தேன். திரும்ப ஊதினார்கள். மூடுபனி இறங்கிவிட்டது. நீலச் சட்டை, சிவப்புச் சட்டை எல்லாம் ஒரே சேற்று நிறம். எது யார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஆற்றுப் பக்கத்துக் கம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பனிக்குள்ளிருந்து ஒரு கூட்டம் மொத்தமாக ஓடி வந்து, ஆற்றுப் பக்கத்துக் கம்பத்துக்குப் பின்னால் குவியலாக விழுந்தது. நீளமாக ஊதினார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது.

நான் துள்ளிக் குதித்தேன். வெட்கம் மானம் எல்லாம் மறந்து, சாக்கைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றினேன். "வச்சிட்டான்! வச்சிட்டான்! ஆத்துப் பக்கம் வச்சிட்டான்!" என்று கத்தினேன். சேற்றில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன், அழுகையும் கூடவே வந்தது. என் பிள்ளை என்னோடு இருப்பான். என்னை எவனும் கப்பல் ஏற்ற முடியாது.

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இவர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"நம்ம தொரைதானங்க ஜெயிச்சது?" என்று கேட்டேன்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் மழையில் நனைந்திருந்தது. "ஆமா புள்ள" என்றார். "நம்ம தொரைதான்." கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டார். தோற்ற வருத்தத்தில் முகம் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னால் பேசாமல் நடந்தார்கள்.

மறுநாள் காலையில் மலைக்குச் சின்னத்துரை வந்தான். நெற்றியில் ஒரு கட்டு, கண்ணில் நெருப்பு. கண்ட கண்ட குற்றம் எல்லாம் கண்டுபிடித்து எல்லாரையும் காய்ச்சிவிட்டுப் போனான். "நேத்து தோத்துட்டு வந்து இன்னைக்கு நம்ம தலையில ஏறுறான்" என்றார் கங்காணி.

"தோத்தாங்களா? நேத்து நான் போயிருந்தேன், நம்ம ஆளுங்கதான் ஆத்துப் பக்கம் வச்சாங்க" என்றேன்.

கங்காணி சிரித்தார். "ஏம்மா, பாதி ஆட்டத்துல பக்கம் மாறிக்குவாங்க. அப்புறம் ஆத்துப் பக்கம் அவனுங்களுக்குத்தானே." நிரையில் நின்ற பொம்பளைகள் எல்லாம் கொக்கரித்துச் சிரித்தார்கள். யாருக்கும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள் நான். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன். கை அது பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளியது, கூடையில் என்ன விழுகிறது என்று தெரியவில்லை.

சாயங்காலம் இவர் ஸ்டோரிலிருந்து வந்ததும் வாசலிலேயே மறித்தேன். "ஏங்க பொய் சொன்னீங்க?"

புரிந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். "நீ குதிச்ச" என்றார்.

"குதிச்சா?"

"பய போனதுக்கப்புறம் நீ பல்லக் காட்டி நான் பாக்கல புள்ள. நேத்துதான் சிரிச்ச. அத அடிச்சுப்போட்டுட்டு ஒன்ன எந்தக் கப்பல்ல நான் ஏத்துறது?"

"பந்தயம்னா பந்தயம். நீங்க ஜெயிச்சிட்டீங்க. நான் வாறேன்."

"ஜெயிச்சது நானு. ஜெயிச்சத நான் என்னமும் செய்வேன். ஒனக்கென்ன?" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தேன். மூச்சு முட்டுகிறது என்று சொன்ன மனிதன், எனக்காக இந்த மலையிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறான். நான் அதற்கு என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை நான் கற்பூரத்தை முடியும்போது அவர் எழுந்தார். "நானும் வாறேன்" என்றார்.

 ஏதாவது சொன்னால் மனம் மாறிவிடுமோ என்று பயம். முன்னால் நடந்தேன். மழை விட்டிருந்தது. ஒற்றையடிப் பாதையில் பின்னால் அவர் காலடி கேட்டது. சில இடத்தில் கேட்கவில்லை, நின்றிருப்பார். நானும் நிற்பேன். பிறகு மறுபடியும் கேட்கும்.

மரத்தடிக்கு வந்தோம். நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். கல்லைத் துடைத்தேன். பழைய கற்பூரக் கறையைச் சுரண்டினேன். "வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் என்னிடம் வரவில்லை. என்னைக் கடந்து, மரத்துக்கு மேல் பக்கம் ஏறினார். அங்கே மானாப்புல் ஆள் இடுப்பளவு நின்றது. இரண்டு கையாலும் அதை விலக்கினார். முழங்காலைக் குத்தி உட்கார்ந்து தரையைத் தடவினார்.

"அங்க எதுக்குங்க? பய இங்கதானே இருக்கான்."

திரும்பிப் பார்த்தார். என் கையில் இருந்த கற்பூரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. 

"கல்லு மழையில உருண்டிருக்கும் புள்ள" என்றார் மெதுவாக. "நான் வெட்டின குழி எனக்குத் தெரியாதா? இங்க வா."

 நான் இரண்டு வருடமாக யார் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்? யாரை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று இந்த மனிதனோடு தினமும் மல்லுக்கு நின்றேன்? என் பிள்ளை இரண்டு எட்டுத் தள்ளி, ஒரு விளக்கு இல்லாமல், புல் மூடிக் கிடந்திருக்கிறான். ஐயோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அவர் வந்து என் கையைப் பிடித்தார். "அதுவும் எவளோ பெத்த புள்ளதானே. வெளிச்சம் பாத்துச்சுல்ல, போகட்டும் விடு" என்றார்.

மேலே ஏறிப் போய் அவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தரையோடு தரை.

"போயிருவோங்க" என்றேன். "நீங்கதான் ஜெயிச்சீங்க. எனக்கு இனி இங்க என்ன இருக்கு? பத்து வருஷம் தேடினாலும் இவன் எங்க கெடக்கான்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்களுக்குத்தான் மூச்சு முட்டுதுன்னீங்களே. நாளைக்கே கண்டிக்குப் போவோம்."

அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மானாப்புல் கையை அறுக்கும். விரலில் ரத்தம் வந்தது, அவர் பார்க்கவில்லை.

"இப்பத்தானே புள்ள பயகிட்ட வந்திருக்கேன்" என்றார்.

நானும் குனிந்து பிடுங்கத் தொடங்கினேன்.